முழங்கால் நோவும் இயன்மருத்துவமும்

படியேறும்போதும் குந்தி எழும்போதும் முழங்காலின் முன்புறம் நோகின்றதா? எம்மவர் பலர் குளிரின்மேற் பழிபோட்டுத் தைலம் பூசுவதோடு நின்றுவிடுகின்றனர்.

முழங்காற் சில்லு, தொடையெலும்பின் பள்ளத்திலே மேலுங்கீழும் வழுக்கிச் செல்வது. கால் பழகாத சுமையை ஏற்கும்போதும், தொடை, இடுப்புத் தசைகளின் வலு போதாதபோதும் அவ்விடத்தில் நோவு தோன்றலாம்.

அவுஸ்திரேலிய இயன்மருத்துவர் ஜெனி மக்கொனல் 1986இல், சில்லின்மேல் நாடா ஒட்டும் முறையை எழுதி வெளியிட்டார். அது நோவைச் சிறிது காலம் தணிக்கும், தசைக்கு வலுவூட்டாது. 2018இல் வெளிவந்த பன்னாட்டு வல்லுநர் அறிக்கையோ இடுப்பு, முழங்கால் இரண்டுக்குமான பயிற்சியையே முதன்மைப்படுத்தியது; மின்கருவிச் சிகிச்சைகளைப் பரிந்துரைக்கவில்லை.

மல்லாந்து படுத்து, மடக்காத காலை உயர்த்துதல். ஒருக்களித்துப் படுத்து மேற்காலை உயர்த்துதல். கையூன்றாது கதிரையிலிருந்து எழுதல் ஆகியவை எளிய பயிற்சிகள். எத்தனை முறை என்பதை இயன்மருத்துவர் அளவிட்டுக் கூறுவார். பயிற்சியின்போது சிறிது நொந்தால் அஞ்சவேண்டியதில்லை. மறுநாளும் நோவு மிகுந்திருந்தால் அளவைக் குறைக்கவேண்டும்.

முழங்கால் வீங்கினாலோ, மடக்க நீட்ட இயலாது இறுகினாலோ முதலில் மருத்துவரை நாடுக.

தசை வலுப்பெற 6 முதல் 12 வாரங்கள் செல்லும். இரண்டாம் வாரத்திலேயே கைவிட்டு, பயனில்லை என்று சலிப்பது முறையன்று. சிகிச்சையின் பெரும்பங்கு நம் வீட்டிலேயே நடைபெறவேண்டியது.