கடன் முடிஞ்சுது... காசு எங்கே?

போன மாதத்தோடு என் பைக் கடன் முடிந்தது. முதல் தேதி காலையில் மனைவி பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க, இனி மாசம் மூவாயிரம் மிச்சம்னு சொன்னீங்களே... எங்க?"

விழித்தேன். புது செல்போன் தவணை, சீட்டு, டீக்கடை பாக்கி என்று அது ஏற்கெனவே கரைந்திருந்தது!

பெயின்ட் அடிக்க வந்திருந்த அண்ணன் ஏணி மேலிருந்தே சிரித்தார். பரமத்தி இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் இருப்பவர். 1990-ல் படகேறியபோது பள்ளிக்கூடப் பையன்.

"எங்கட நாட்டுக் கதையும் இதுதான் தம்பி. சண்டை முடிஞ்சுது. காசு வீட்டுக்கு வரேல்ல!"

யோசித்தால் உண்மைதான். 2009 மே மாதம் அங்கே போர் முடிந்தது. துப்பாக்கிக் காசு இனி பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் திரும்பும் என்றுதானே நினைப்போம்? நடந்ததோ வேறு. 2010-ல் நகர அபிவிருத்தியும் பாதுகாப்பு அமைச்சோடு சேர்ந்தது. ராணுவம் காய்கறி விற்றது. காங்கேசன்துறையில் கடற்கரை விடுதி நடத்தியது. போர் முடிந்து 13 வருஷம் கழித்தும் தரைப்படையின் கணக்கில் 2,00,783 பேர்!

ஏன் குறைக்கவில்லை? ராணுவச் செலவு என்றதும் நமக்கு டாங்கியும் விமானமும்தான் ஞாபகம் வரும். அங்கே பெரும்பகுதி சம்பளம் சார். ஒவ்வொரு சிப்பாய்க்குப் பின்னாலும் ஒரு கிராமத்துக் குடும்பம். ஆளைக் குறைத்தால் அடுப்பு அணையும்; ஓட்டும் போகும்.

2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கையை விரித்த பிறகுதான் உறைத்தது. 2023 ஜனவரியில் அறிவித்தார்கள்: 2024-க்குள் 1,35,000 பேர், 2030-க்குள் ஒரு லட்சம்.

கோஸ்டா ரிக்காவில் இதற்கு நேர்மாறு. 1948-ல் 44 நாள் உள்நாட்டுச் சண்டை. ஜெயித்த ஹோசே ஃபிகெரஸ், அதே வருஷம் டிசம்பர் 1-ம் தேதி ராணுவ முகாமின் சுவரில் சம்மட்டியால் ஒரு போடு போட்டு, ராணுவத்தையே கலைத்தார்! மிச்சக் காசு கல்விக்கு என்று அப்போதே முடிவு. அந்த முகாம் இன்று தேசிய அருங்காட்சியகம். படை சிறிசு என்பது அவருக்குச் சௌகரியம்.

இலங்கையைப் பார்த்து நாமும் ரொம்பச் சிரிக்க முடியாது. 2019-ல் தொடங்கிய பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் நம்ம சேலமும் ஒரு புள்ளி. நாளைக்கு நம் பையன்கள் வீட்டு உலையும் அந்தக் காசில் கொதிக்கலாம். அப்புறம் 'குறை' என்று சொல்ல யாருக்கு மனசு வரும்?

"ஊருக்குப் போவீங்களாண்ணே?"

தூரிகையை டப்பாவில் தோய்த்தார். "காணி இன்னும் கம்பி வேலிக்குள்ள கிடக்கு தம்பி. அதை விட்டா மகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டணும். அவள் பிறந்தது இங்க, பரமத்தியில."

யாரும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மனைவிதான் சொன்னாள்:

"கடன் முடியற அன்னைக்கே அந்தக் காசுக்கு ஒரு பேர் வெச்சுடோணுங்க. இல்லீனா அது தானா ஒரு பேர் வெச்சுக்கும்."

மறுநாள் காலையில் முதல் வேலையாக தபால் ஆபீசுக்குப் போய் ஆர்.டி. போட்டுவிட்டேன். மகள் படிப்புக்கு!