திரை முழுக்க 'பர்மிஷன் டினைடு': லினக்ஸில் காணாமல்போன ஃபைலைத் தேடுவது எப்படி?

வலங்கைமான் பக்கத்து அரசுப் பள்ளிகளில் படித்தவர்கள் வீட்டில் அந்த மடிக்கணினி இன்னும் இருக்கலாம். தமிழக அரசு 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்தது. அப்படி வழங்கப்பட்ட பல கணினிகளில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது.

அதில் செய்த ப்ராஜெக்ட் ஃபைலை எங்கே சேவ் பண்ணினோம்னு மறந்துபோச்சு என்று வைத்துக்கொள்வோம். டெர்மினலைத் திறந்து 'ஃபைண்ட்' கட்டளை கொடுத்தால், வரிவரியாக 'பர்மிஷன் டினைடு'. ஃபைல் போயே போச்சா?

இவ்வளவு பிழைச் செய்தி ஏன்?

'ஃபைண்ட் /' என்று தொடங்கினால் கணினி முழுவதையும் தேடச் சொல்கிறோம். அதில் சில கோப்புறைகள் நிர்வாகிக்கு மட்டுமே திறக்கும். பூட்டிய ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி வரும். ஃபைல் அழிந்துவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. 'இதற்குள் நான் பார்க்கவில்லை' என்பதுதான் தகவல்.

விடையையும் பிழையையும் பிரிக்க முடியுமா?

முடியும். டெல்டாவில் பாசன வாய்க்கால் வேறு, வடிகால் வேறு. அதுபோல யூனிக்ஸில் விடை 1-ம் எண் வழியிலும், பிழை 2-ம் எண் வழியிலும் வரும். இரண்டும் ஒரே திரையில் விழுவதால்தான் குழப்பம். 1975-ல் வந்த யூனிக்ஸ் 6-ம் பதிப்பு வரை இந்தப் பிரிவு கிடையாது. பிழைச் செய்தி விடையோடு கலந்து தொல்லை கொடுத்ததால், அதற்குப் பிறகு டென்னிஸ் ரிச்சி தனி வழி அமைத்தார்.

கட்டளையின் கடைசியில் '2>/டெவ்/நல்' என்று (ஆங்கில எழுத்தில்) சேர்த்தால், பிழைகள் மறைந்து விடை மட்டும் தெரியும். 'டெவ் நல்' என்பது போட்டதையெல்லாம் விழுங்கிவிடும் குப்பைக்கூடை.

இதில் என்ன சிக்கல்?

தேவையான பிழையும் சேர்ந்து மறைந்துவிடும். கோப்புறையின் பெயரைத் தப்பாகத் தட்டியிருந்தால் 'நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி' என்று வந்திருக்கும். அதுவும் தெரியாது. காலித் திரையைப் பார்த்து 'ஃபைல் இல்லை' என்று முடிவுகட்டி, மொத்த ப்ராஜெக்டையும் மறுபடி டைப் செய்ய உட்கார்ந்துவிடுவோம்.

இன்னொரு விஷயம். விண்டோஸ் பகுதி லினக்ஸில் இணைக்கப்படாமல் இருந்தால், ஃபைண்ட் அங்கே போகவே போகாது. அதற்குப் பிழைச் செய்தியும் வராது.

என்ன செய்யலாம்?

* முதலில் உங்கள் ஹோம் கோப்புறையில் மட்டும் தேடுங்கள். '/' இருக்கும் இடத்தில் '~' போட்டால் போதும். பிழைகள் பெரும்பாலும் வராது.
* லினக்ஸுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. '-நேம்' என்பதற்குப் பதில் '-ஐநேம்' கொடுத்தால் அந்த வித்தியாசம் பார்க்காது.
* பெயர் பாதிதான் ஞாபகம் இருந்தால் நட்சத்திரக் குறி போடலாம். அந்தப் பெயரை மேற்கோள் குறிக்குள் கொடுங்கள்.
* முழுக் கணினியையும் தேடும்போது பிழையைக் குப்பையில் போடாமல், '2>' என்பதற்குப் பின் ஒரு ஃபைல் பெயர் கொடுத்துச் சேமியுங்கள். எங்கெங்கே தேடல் நடக்கவில்லை என்ற பட்டியல் அதில் இருக்கும்.
* ஃபைல் மேனேஜரில் விண்டோஸ் பகுதியைத் திறந்துவிட்டு மறுபடி தேடுங்கள்.
* சொந்தக் கணினி என்றால் கடைசியாக 'சூடோ' சேர்த்துத் தேடலாம். பள்ளி ஆய்வகத்தில் என்றால் ஆசிரியரைக் கேட்பதே சரி.

இத்தனைக்கும் கிடைக்காவிட்டால்தான், ஃபைல் அந்தக் கணினியில் அந்தப் பெயரில் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். பென் டிரைவையும் மெயிலையும் பார்க்க வேண்டியது அதற்குப் பிறகுதான்.