ஆட்டிசமும் குழந்தைகளின் உடல்நலமும்

தனக்கு எங்கே வலிக்கிறது என்பதை நோயாளி கூற, அதைக் கேட்டு மருத்துவர் சோதிப்பதே மருத்துவத்தின் வழக்கமான முறை. பேச்சு வராத கைக்குழந்தைக்காகத் தாய் பேசுகிறாள். ஆனால், பத்து வயதாகியும் தன் வலியைச் சொல்லால் உணர்த்த இயலாத குழந்தைகளும் நம் நாட்டில் உள்ளனர். ஆட்டிசம் உடைய குழந்தைகளில் ஒரு பகுதியினர் இத்தகையோர். இவர்களது பேச்சு, பழக்கவழக்கம், படிப்பு ஆகியவை குறித்து அண்மைக் காலத்தில் ஓரளவு விவாதிக்கப்படுகிறது. இவர்களது பல், வயிறு, உறக்கம், கண், காது ஆகியவை குறித்த பேச்சோ அரிதாகவே எழுகிறது. எளிதில் குணப்படுத்தக்கூடிய நோய்கள் இக்குழந்தைகளிடம் ஆண்டுக்கணக்கில் மறைந்து கிடப்பதற்கு இதுவே காரணம்.

ஆட்டிசம் என்றால் என்ன?

1943ஆம் ஆண்டில் அமெரிக்காவைச் சேர்ந்த லியோ கேனர் என்ற மனநல மருத்துவர், 11 குழந்தைகளின் வரலாற்றை ஆராய்ந்து இந்நிலையை முதன்முதலில் விரிவாக விளக்கினார். பிறருடன் உறவாடுவதிலும் கருத்தைப் பரிமாறுவதிலும் இடர்ப்பாடு, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல், ஒலி, ஒளி, தொடுதல் போன்றவற்றை மிகையாகவோ குறைவாகவோ உணர்தல் ஆகியவை இதன் இயல்புகள். இது மூளை வளர்ச்சியைச் சார்ந்த நிலை. இதில் மரபணுக்களுக்குப் பெரும் பங்கு உண்டு. பெற்றோரின் வளர்ப்பு முறையால் இது தோன்றுவதில்லை. சிலர் சரளமாகப் பேசுவர். சிலருக்குப் பேச்சே வருவதில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2021ஆம் ஆண்டில் சுமார் 127 பேரில் ஒருவர் ஆட்டிசம் உடையவராக இருந்தார். நம் நாட்டின் ஐந்து பகுதிகளில் 2 முதல் 9 வயது வரையிலான குழந்தைகளிடம் நடத்தப்பெற்ற ஆய்வொன்று 2018இல் வெளியாயிற்று. ஆட்டிசம், வலிப்பு, செவிக்குறைபாடு, பார்வைக்குறைபாடு முதலிய நிலைகளைச் சேர்த்துக் கணக்கிட்ட அந்த ஆய்வு, இவற்றுள் ஒன்றேனும் உடைய குழந்தைகள் ஏறத்தாழ எட்டில் ஒருவர் எனக் கண்டது. அவர்களுள் சுமார் ஐந்தில் ஒருவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடுகள் இருந்தன. ஆட்டிசம் எனப் பெயரிட்டதுடன் பரிசோதனை முடிந்துவிடலாகாது என்பதற்கு இது தக்க சான்று.

நடத்தையில் மறைந்திருக்கும் நோய்

இரண்டு வாரங்களாகத் தலையைச் சுவரில் மோதிக்கொள்ளும் சிறுவன் ஒருவனை எண்ணிப் பார்ப்போம். அவனுக்கு ஆட்டிசம் உண்டு என்பது அனைவரும் அறிந்ததே. ஆகவே, 'இது ஆட்டிசத்தின் குணம்' என்று கூறி, அவனை அமைதிப்படுத்தும் மருந்து தரப்படலாம். ஆனால் அவனுக்குக் காதில் சீழ் கோத்திருக்கலாம். கடைவாய்ப்பல் சொத்தையாகி இருக்கலாம். பல நாள் மலச்சிக்கலால் வயிறு வலிக்கலாம். சொல்ல வழியில்லாத வலி செயலாக வெளிப்படுகிறது.

எனவே, ஒரு விதியைப் பெற்றோரும் மருத்துவரும் நினைவிற்கொள்வது நலம். நடத்தையில் திடீர் மாற்றம் தோன்றினால் முதலில் உடலைச் சோதிக்க வேண்டும். காது, பல், தொண்டை, வயிறு, சிறுநீர், தோல், கால்விரல் என ஒவ்வொன்றாகப் பார்த்து, நோய் எதுவும் இல்லையென உறுதி செய்த பின்னரே வேறு காரணங்களைத் தேடுதல் தகும். மலச்சிக்கலும் உறக்கக் குறைவும் இக்குழந்தைகளிடம் பிற குழந்தைகளைவிட அதிகம். இரவில் உறங்காத குழந்தை பகலில் கற்க இயலாது. அதன் தாயும் உறக்கமிழந்து நலிகிறாள்.

உணவுப் பிரச்சினை

ஆட்டிசம் உடைய குழந்தைகள் பலர் மிகச் சில உணவுகளையே ஏற்கின்றனர். தயிர்ச்சோறும் பிஸ்கட்டும் தவிர வேறெதையும் தொடாத குழந்தைகள் உண்டு. உணவின் நிறம், மணம், பதம் ஆகியவை அவர்களுக்குத் தாங்க முடியாதனவாக இருப்பதே இதற்குக் காரணம். பிடிவாதம் என்று கடிந்து பயனில்லை. இதனால் இரும்புச்சத்து, வைட்டமின் டி, வைட்டமின் சி ஆகியவற்றில் குறைவு ஏற்படக்கூடும். பழமும் காய்கறியும் அறவே உண்ணாத குழந்தைகளுக்கு ஸ்கர்வி நோய் வந்து, நடக்க இயலாமற்போன நிகழ்ச்சிகளும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன.

2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 6 மாதம் முதல் 5 வயதிற்குட்பட்ட குழந்தைகளில் 67.1 சதவீதத்தினர் இரத்தசோகை உடையோர். இத்தகைய நாட்டில் உணவு வகை குறுகிய குழந்தைக்கு ஆபத்து மேலும் மிகுதி. பழகிய உணவுடன் புதிய உணவைச் சிறிதளவு அருகில் வைத்து, முதலில் பார்க்கவும், பின்னர் தொடவும், முகரவும், இறுதியில் சுவைக்கவும் பழக்கலாம். இதற்கு வாரங்களும் மாதங்களும் ஆகும். பாலையும் கோதுமையையும் அறவே விலக்கினால் ஆட்டிசம் குணமாகும் என்பதற்குப் போதிய சான்று இல்லை. ஏற்கெனவே சிலவற்றையே உண்ணும் குழந்தையிடமிருந்து பாலையும் பறித்தால் சுண்ணாம்புச் சத்தும் குறைந்துவிடும்.

வலிப்பு

வலிப்பு நோய் ஆட்டிசம் உடையோரிடம் பிறரைவிடப் பன்மடங்கு மிகுதி. அறிவு வளர்ச்சிக் குறைவும் சேர்ந்திருப்பின் இன்னும் மிகுதி. இளம் பருவத்திலும் பின்னர் வளரிளம் பருவத்திலும் இது தொடங்கக்கூடும். கைகால் வெட்டி இழுப்பது மட்டுமே வலிப்பு என்று கருதலாகாது. சில வினாடிகள் நிலைகுத்தி நோக்குவதும் வலிப்பாக இருக்கலாம். வலிப்பு வந்தவரின் கையில் சாவியையோ இரும்பையோ திணிப்பதால் பயனில்லை. அவரை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். வாயில் எதையும் இடக்கூடாது. ஐந்து நிமிடத்திற்கு மேல் நீடித்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

2016இல் வெளியான ஸ்வீடன் நாட்டு ஆய்வு ஒன்று, ஆட்டிசம் உடையோர் இறந்தபோது அவர்களது சராசரி வயது ஏறத்தாழ 54 என்றும், பிறரது சராசரி 70 என்றும் கண்டறிந்தது. ஆட்டிசம் தன்னளவில் உயிரைப் போக்கும் நோயன்று. உடன் வரும் வலிப்பு, பிற நோய்கள், மனச்சோர்வு ஆகியவை உரிய காலத்தில் கவனிக்கப்படாமையே இவ்விழப்பில் பெரும் பங்கு வகிக்கிறது.

தவறான நம்பிக்கைகள்

தட்டம்மைத் தடுப்பூசியால் ஆட்டிசம் வருகிறது என்ற அச்சம் 1998இல் பிரிட்டனில் வெளியான ஒரு கட்டுரையால் பரவியது. அக்கட்டுரையை 2010இல் அவ்விதழே திரும்பப் பெற்றுக்கொண்டது. பல நாடுகளில் இலட்சக்கணக்கான குழந்தைகளிடம் நடந்த ஆய்வுகள் இரண்டிற்கும் தொடர்பில்லை எனக் காட்டியுள்ளன. எனவே ஆட்டிசம் உடைய குழந்தைக்கும், அதன் தம்பி தங்கையர்க்கும் தடுப்பூசியை நிறுத்தலாகாது.

பெரும் பொருள் பெற்றுக்கொண்டு ஸ்டெம் செல் சிகிச்சை அளிப்போரும் உளர். ஆட்டிசத்திற்கு இச்சிகிச்சை பரிந்துரைக்கத் தக்கதன்று என 2022இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் குழு தெரிவித்தது. நிலத்தை விற்று இதற்குச் செலவிடுவதைவிட, அத்தொகையில் சிறு பகுதியைப் பேச்சுப் பயிற்சிக்கும் பல் சிகிச்சைக்கும் செலவிடுவது மேல்.

சட்டமும் திட்டங்களும்

1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டத்தில் ஆட்டிசம் இடம்பெறவில்லை. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதனைச் சேர்த்துக்கொண்டது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 குறைபாடுகளுள் ஒன்றாக ஆட்டிசத்தை ஏற்றது. மருத்துவமனையில் மாற்றுத்திறனாளிகளைப் பார்ப்பதிலும் சிகிச்சை தருவதிலும் முன்னுரிமை அளிக்க வேண்டும் என்பது இச்சட்டத்தின் 25ஆம் பிரிவு. வரிசையில் நெடுநேரம் நிற்க இயலாத குழந்தைக்கு இது பெரும் உதவியாகும். ஆயினும் இப்பிரிவை அறிந்த பெற்றோர் சிலரே.

2013இல் தொடங்கப்பெற்ற தேசியக் குழந்தைகள் நலத்திட்டத்தின்கீழ், நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டிற்கு இருமுறையும், அரசுப் பள்ளி மாணவர்களை ஒருமுறையும் சோதிக்க வேண்டும். சோதிக்கப்பட வேண்டிய நிலைகளுள் ஆட்டிசமும் ஒன்று. ஐயத்திற்குரிய குழந்தைகள் மாவட்டத் தொடக்கநிலைச் சிகிச்சை மையத்திற்கு அனுப்பப்படுவர். தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீட்டுத் திட்டம் ஒரு இலட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவை ஏற்கிறது. சேர்வதற்கு முன் மருத்துவப் பரிசோதனை தேவையில்லை. மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் இருத்தல் வேண்டும்.

பதினெட்டு வயதிற்குப் பின்

குழந்தைகள் நலத்திட்டம் 18 வயதுடன் முடிகிறது. அதுவரை பார்த்துவந்த குழந்தை மருத்துவரும் வேறிடம் செல்லுமாறு கூறுவார். வளரிளம் பருவத்தின் மாதவிடாய், உடற்பருமன், மனக்கலக்கம், சில மருந்துகளால் கூடும் எடை ஆகியவை கவனம் கோரும் வேளையில் இப்பிரிவு நேர்கிறது. ஆகவே 15, 16 வயதிலேயே நோய் வரலாறு, மருந்துகள், வலியை அவர் வெளிப்படுத்தும் விதம் ஆகியவற்றை ஒரே ஏட்டில் எழுதிவைத்து, பெரியோருக்கான மருத்துவர் ஒருவரிடம் அறிமுகம் செய்துவிடுதல் வேண்டும்.

செய்யத்தக்கவை

பெரும் செலவின்றிச் செய்யக்கூடியவை பல. ஆண்டிற்கொரு முறை கண், காது, பல், எடை, இரத்தச் சோதனை செய்யலாம். பல் மருத்துவரிடம் செல்லுமுன் சிறு கண்ணாடியையும் கரண்டியையும் வீட்டிலேயே வாயருகே வைத்துப் பழக்கலாம். வலிக்கும் இடத்தைச் சுட்ட உடலின் படம் ஒன்றைப் பயன்படுத்தலாம். மருத்துவமனைகள் இக்குழந்தைகளைக் காலையில் முதலாவதாக அழைத்து, ஊசியைக் காட்டி, செய்யப்போவதை எளிய சொற்களில் கூறிய பின் தொடலாம். கிராம சுகாதாரச் செவிலியரும் ஆஷா பணியாளரும் பேசாத குழந்தையின் வலியை அறியும் முறையைப் பயிற்சியில் கற்க வேண்டும்.

ஆட்டிசத்தை நீக்கும் மருந்து இன்று இல்லை. ஆனால் சொத்தைப் பல்லுக்கும், இரத்தசோகைக்கும், மலச்சிக்கலுக்கும், வலிப்புக்கும் மருத்துவம் நம் மாவட்ட மருத்துவமனைகளிலேயே உண்டு. வாய் திறந்து கேட்க இயலாத குழந்தைக்கு அது தானாகவே சென்றடையுமாறு செய்தல் நமது பொறுப்பாகும்.