லாரி வரும் நேரம்

விடிகாலை நாலே முக்காலுக்கு முதல் லாரி வரும். சென்னைக்குத் தெற்கே நாவலூரில் எங்கள் குடியிருப்பின் பின்பக்க கேட்டைத் தள்ளித் திறக்கும் சத்தம் கேட்கும். லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரு ‘பீப் பீப்’. கடைசியாக, தரைக்கடியில் இருக்கும் சம்ப்புக்குள் 12,000 லிட்டர் தண்ணீர் இரைந்து விழும் ஓசை. பதினோரு வருஷமாக இந்தச் சத்தங்களில்தான் கண் விழிக்கிறேன். முதல் வருஷம் எரிச்சலாக இருந்தது. இப்போது ஐந்து மணியாகியும் அந்தச் சத்தம் கேட்காவிட்டால் தூக்கம் கலைந்துவிடுகிறது.

முன்வாசல் வேறு உலகம். நீச்சல் குளம், கிளப் ஹவுஸ், செதுக்கிய புல்தரை, ஏழு மணிக்கு ஸ்கூல் பஸ், எட்டரைக்கு சிறுசேரி சிப்காட்டுக்கும் சோழிங்கநல்லூருக்கும் கிளம்பும் அலுவலக வண்டிகள். விருந்தாளி வந்தால் செல்போனில் ஒப்புதல் கொடுத்த பிறகுதான் செக்யூரிட்டி உள்ளே விடுவார். லாரிகள் அந்தப் பக்கம் வருவதில்லை. பின்பக்கமாக வந்து, விடிவதற்குள் பாதி வேலையை முடித்துப் போய்விடும். இங்கே குடியிருக்கும் பல பேர் தண்ணீர் லாரியை நேரில் பார்த்ததே இல்லை. மாதாமாதம் மெயின்டனன்ஸ் பில்லில் ஒரு வரியாகத்தான் அது அவர்களுக்குத் தெரியும்.

ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 900 வீடுகள், வீட்டுக்கு மூன்று பேர் என்றால் 2,700 பேர். நகரத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் வேண்டும் என்பது அரசு வைத்திருக்கும் அளவு. அப்படியானால் தினமும் 3,64,500 லிட்டர், ஏறக்குறைய 30 லாரி. கழிவுநீரைச் சுத்திகரித்துக் கழிப்பறைக்கும் செடிகளுக்கும் விடுவதால் அது 20 லாரியாகக் குறைகிறது. எங்கள் பழைய மகாபலிபுரம் சாலையில் இப்படி எத்தனை குடியிருப்புகள்! எல்லாவற்றுக்கும் பின்பக்க கேட் ஒன்று இருக்கிறது.

இந்தச் சாலை இப்போது இருக்கும் உருவத்துக்கு வந்து அதிக காலமாகவில்லை. தரமணியில் டைடல் பார்க் திறந்தது 2000-ல். மத்திய கைலாஷிலிருந்து சிறுசேரி வரை சாலை ஆறு வழியானது 2008-ல். கம்பெனிகள் வந்தன, பின்னாலேயே நாங்கள் வந்தோம். நான் மதுரைப் பக்கம். எதிர்வீட்டுக்காரர் விஜயவாடா, பக்கத்து வீட்டில் ஒரு ஒடியா குடும்பம். எங்கள் யாருக்கும் இது சொந்த ஊரில்லை. அதனாலேயே இந்த மண் எப்படிப்பட்டது என்று வீடு வாங்கும்போது கேட்கத் தோன்றவில்லை. சதுர அடி விலை கேட்டோம், அலுவலகத்துக்கு எத்தனை நிமிஷம் என்று கேட்டோம். கிணறு தோண்டினால் என்ன தண்ணீர் வரும் என்று நான் கேட்கவே இல்லை.

கேட்டிருந்தால் பக்கத்துப் படூர்ப் பெரியவர்கள் யாராவது சொல்லியிருப்பார்கள். பக்கிங்காம் கால்வாய்க்குக் கிழக்கே, திருவான்மியூரிலிருந்து கோவளம் வரை கடலோரம் முழுக்க மணல்மேடு. மழைநீரை அந்த மணல் பஞ்சுபோல் வாங்கி வைத்துக்கொள்ளும், கடலுக்குப் பக்கத்திலேயே கிணற்றில் நல்ல தண்ணீர் கிடைக்கும். கால்வாய்க்கு மேற்கே நாங்கள் இருக்கும் பக்கம் அப்படியில்லை. களிமண்ணும் கழிமுகச் சேறும், அதற்குக் கீழே கெட்டியான பாறையும். போர் போட்டால் பெரும்பாலும் உவர்ப்பு. கேளம்பாக்கத்துக்கும் கோவளத்துக்கும் நடுவே உப்பளங்கள் இருந்தது சும்மாவா? குடியிருப்பு கட்டும்போதே லாரியை நம்பித்தான் கட்டினார்கள்.

2011-ல் சென்னை மாநகராட்சியின் எல்லையை விரித்தபோது செம்மஞ்சேரியோடு கோடு நின்றது. நாவலூர், படூர், தாழம்பூர் எல்லாம் வெளியே, ஊராட்சிகளாகவே. கோட்டுக்கு உள்ளே இருப்பவர்களுக்கும் குழாய்த் தண்ணீர் வந்து சேரப் பல வருஷம் பிடித்தது. தெற்கே நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013-லேயே வந்துவிட்டது. நாளைக்கு 10 கோடி லிட்டர் தரும் ஆலை அது. 2024-ல் பக்கத்திலேயே 15 கோடி லிட்டர் தருகிற இன்னொன்றும் திறந்தார்கள். அந்தத் தண்ணீர் வடக்கே தென்சென்னைக்குப் போகிறது. தென்சென்னைக்கும் தாகம்தான், அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் இத்தனை ஆயிரம் வீடுகளுக்கு அனுமதி கொடுத்த நாளிலேயே குழாய்க்கும் வழி செய்திருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

போன கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓட்டுநரிடம் கேட்டுக்கொண்டு லாரியிலேயே ஏறிப் போனேன். “முன்னெல்லாம் கேளம்பாக்கத்துலயே ரொப்பிட்டு வந்துடுவோம் சார். இப்ப திருப்போரூர் தாண்டணும்” என்றார். சாலையிலிருந்து விலகி ஏரிக்கரையை ஒட்டிய மண்பாதையில் லாரி குலுங்கிக்கொண்டு போனது. போய் நின்ற இடம் ஒரு வயல் கிணறு. அகலமான பழைய கிணறு, மேலே இரண்டு மோட்டார், எங்களுக்கு முன்னால் மூன்று லாரிகள் வரிசையில். கிணற்றுக்காரர் ஐந்து வருஷமாக நெல் போடுவதில்லை. ஆள் கூலிக்கும் உரத்துக்கும் ஈடுகொடுக்க முடியாமல் விட்டவருக்கு, நின்ற இடத்தில் காசு தருகிறது தண்ணீர். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பக்கத்து வயலில் கத்தரி போட்டிருந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியவில்லை. அவருடைய போரில் முன்பு நாலு மணி நேரம் ஓடிய மோட்டார் இப்போது முக்கால் மணியில் காற்று வாங்குகிறதாம். “எங்கப்பா போவுது இந்தத் தண்ணி?” என்று கேட்டார். எங்கள் வீட்டுக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. நாவலூருக்கு என்றேன்.

இதைவிட மோசமான கோடையும் பார்த்திருக்கிறோம். 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று சென்னையின் குடிநீர் ஏரிகள் நான்கும் வறண்டு கிடந்தன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குத் தண்ணீர் வந்தது. எங்கள் சாலையில் சில கம்பெனிகள் ஆட்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லின. வீட்டில் மட்டும் தண்ணீர் இருந்ததா என்ன? காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம். பல குடும்பங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டன. ஓட்டுநர்களின் செல்போன் எண்ணை ஒருவரிடம் ஒருவர் மறைத்ததையும் பார்த்தேன்.

அந்தக் கோடைதான் எங்களை மாற்றியது. எல்லாக் கட்டடத்திலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் உண்டு. எங்கள் வளாகத்திலும் குழிகள் இருந்தன. திறந்து பார்த்தால் உள்ளே சிமென்ட் கழிவும் உடைந்த டைல்ஸும். பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் பி பிளாக்கில் இருக்கிறார். எழுபது வயதில் குழிக்குள் இறங்கி நின்று ஒவ்வொன்றையும் தூர்வார வைத்தார். மொட்டை மாடித் தண்ணீரை வடிகட்டி நேராக சம்ப்புக்குக் கொண்டுவந்தது அவர் யோசனைதான். அசோசியேஷன் கூட்டத்தில் செலவுக் கணக்கு கேட்டு அவரை எத்தனை பேர் மடக்கினார்கள்! இப்போது ஐப்பசி, கார்த்திகையில் லாரி பாதியாகக் குறைந்துவிடுகிறது. வேறெந்த வசதியையும்விட அந்தக் குழிகளைத்தான் எங்கள் குடியிருப்பின் பெருமை என்று நினைக்கிறேன்.

கோடையில் இல்லாத தண்ணீர் டிசம்பரில் கேட்காமலே வரும். தென்சென்னையின் ஏரிகள் ஒன்று நிரம்பி ஒன்றுக்கு வழிந்து கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் வந்து சேர்கின்றன. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாக இந்தச் சாலைக்குக் கீழே புகுந்து, பக்கிங்காம் கால்வாயில் விழுந்து, தெற்கே கோவளம் முகத்துவாரத்தில் கடலைத் தொட வேண்டும். சதுப்பு நிலத்தின் பெரும்பகுதியைக் குப்பைமேடும் சாலைகளும் கட்டடங்களும் தின்றுவிட்டன. மிஞ்சியதில் சுமார் 1,248 ஹெக்டேர் 2022-ல் சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. துரைப்பாக்கத்திலிருந்து பல்லாவரம் போகும் சாலையில் ஒரு பக்கம் பெருங்குடிக் குப்பை கிடக்க, மறு பக்கம் பூநாரைகள் ஒற்றைக்காலில் நிற்பதை இன்றும் பார்க்கலாம். 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அந்த நிலத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் புதுக் கட்டடங்களுக்கு அனுமதி தரக் கூடாது என்று நிறுத்தி வைத்தது. அங்கே வீட்டுக்கு முன்பணம் கட்டி, தவணையும் வாடகையுமாகத் தவிக்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்கள் பாடு வேதனைதான். ஆனாலும் உத்தரவு சரியானது. இருபது வருஷம் முன்பே வந்திருக்க வேண்டும்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் வளாகத்தின் அடித்தள பார்க்கிங்கில் இடுப்பளவு தண்ணீர். ஜெனரேட்டர் டீசல் தீரும்வரை லிஃப்ட் ஓடியது. மூன்றாம் நாள் போன் சிக்னல் வந்ததும் வீட்டு வேலைக்கு வரும் அக்காவைக் கூப்பிட்டேன். “எப்ப வருவீங்க?” இதுதான் நான் கேட்ட முதல் கேள்வி. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, “கீழ கழுத்து வரைக்கும் தண்ணி சார். கரண்ட் போயி மூணு நாளாச்சு” என்றார். நல்லா இருக்கீங்களா என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். இன்றும் நினைத்தால் முகம் சுடுகிறது.

அக்கா பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் குடியிருப்பு ஒன்றில் ஆறாவது மாடியில் இருக்கிறார். பிறந்து வளர்ந்தது கூவம் கரையில், சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம். ஆற்றங்கரையில் வெள்ள ஆபத்து என்று சொல்லிக் குடிசைகளை எடுத்து, சதுப்பு நிலத்தின் ஓரத்தில் கொண்டுவந்து குடிவைத்தார்கள். 2000-ல் தொடங்கிய கண்ணகி நகரும், சுனாமிக்குப் பின் மீனவர்களையும் அழைத்துவந்த செம்மஞ்சேரியும், பெரும்பாக்கமும் இந்தச் சாலையின் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கின்றன. எங்கள் வீடுகளில் பாத்திரம் துலக்குபவர்கள், குழந்தை பார்ப்பவர்கள், அலுவலகக் கண்ணாடி துடைப்பவர்கள், கேட்டில் நிற்பவர்கள் பெரும்பாலும் அங்கிருந்து வருகிறவர்கள். அக்காவிடம் ஊரைப் பற்றிக் கேட்டால் கூவத்தின் நாற்றத்தைச் சொல்ல மாட்டார். வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் இருந்த மீன் மார்க்கெட்டையும், பிள்ளைகள் படித்த பள்ளியையும் சொல்வார்.

மாலை நாலு மணிக்கு வேலை முடிந்ததும் அவர் பையிலிருந்து இரண்டு ஐந்து லிட்டர் கேன்களை எடுப்பார். எங்கள் சமையலறை ஃபில்டரில் நிரப்பிக்கொள்வார். அவர்கள் குழாயில் வரும் தண்ணீர் குடிக்க ஒப்பவில்லையாம், பேரனுக்கு இது வேண்டும். ஃபில்டர் மெதுவாகத்தான் சொட்டும், நிரம்ப இருபது நிமிஷம் ஆகும். அதற்குள் ஒரு டீ போட்டு இருவரும் குடிப்போம். பிறகு கைக்கு ஒரு கேனாக எடுத்துக்கொண்டு இறங்குவார். திருப்போரூர் தாண்டி ஒரு வயல் கிணற்றிலிருந்து லாரியில் வந்து, எங்கள் சம்ப்பில் இறங்கி, ஒன்பதாவது மாடித் தொட்டிக்கு ஏறி, ஃபில்டரில் வடிந்த தண்ணீர் அது. சோழிங்கநல்லூர் வரை ஷேர் ஆட்டோ, அங்கிருந்து பெரும்பாக்கத்துக்கு பஸ். லிஃப்ட் ஓடினால் சரி. ஓடாத நாளில் ஆறு மாடி படியேறி, பத்து லிட்டரையும் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார்.