பிள்ளையின் வலிக்கு அம்மா போடும் மார்க்

புற்றுநோய் வந்த பிள்ளையைப் பற்றிப் பேச்செடுத்தாலே 'பிழைச்சுக்குவானா?' என்றுதான் கேட்கிறோம். சிகிச்சை நடக்கும் நாட்களில் அவன் எப்படி இருக்கிறான் என்பதை அளக்கவும் வினாத்தாள்கள் உண்டு. பல நாடுகளில் புழங்கும் பெட்ஸ்கியூஎல் என்ற வினாத்தாளில் பொதுவாக 23 கேள்விகள், புற்றுநோய்க்கென்று தனியாக 27. மார்க் 100-க்கு. 13 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கு ஒரு தாள், அதே கேள்விகளோடு பெற்றோருக்கு ஒரு தாள்.

என் கவலையெல்லாம் அந்தப் பெற்றோர் தாள் மேல்தான்.

கீமோ வார்டு ஒன்றில், தொடை எலும்பில் கட்டி வந்த 16 வயதுப் பையன். "குமட்டல் இருக்கா தம்பி?" என்கிறார் சிஸ்டர். "எங்க சிஸ்டர், ரெண்டு இட்லி முழுசா இறங்குதா இவனுக்கு?" என்று அம்மா முந்திக்கொள்கிறார். "ராத்திரி தூக்கம்?" "அதெல்லாம் நல்லாத் தூங்குறான்." பையன் செல்போனிலிருந்து தலை தூக்கவே இல்லை. அம்மா தண்ணீர் பிடிக்கப் போனதும் தணிந்த குரலில் சொன்னான்: "தூங்குற மாதிரி படுத்திருப்பேன் சிஸ்டர். இல்லன்னா அம்மா அழும்."

அம்மா பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நடப்பது, சாப்பிடுவது போலக் கண்ணுக்குத் தெரிகிற விஷயங்களில் பெற்றோர் மார்க்கும் பிள்ளை மார்க்கும் ஓரளவு ஒத்துப்போகும். பயம், வெட்கம், கவலை என்று வந்தால் விலகிவிடும். ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுவது இதைத்தான். ஸ்டீராய்டில் உப்பிய முகத்தோடு பிளஸ் டூ வகுப்புக்குத் திரும்பப் போகிற பெண்ணின் கூச்சத்துக்கு அப்பா எப்படி மார்க் போடுவார்?

நோய் திரும்ப வருமோ என்று கவலைப்படுகிறாயா என்றும் அந்தத் தாள் கேட்கிறது. நம் ஊரிலோ 'ரத்தத்துல ஏதோ கிருமி' என்று சொல்லித்தான் எத்தனையோ பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வருகிறோம். பிள்ளை மருந்துப் பெயரை செல்போனில் தட்டிப் பார்த்து எல்லாம் தெரிந்துகொண்டு, தெரியாதது போலவே இருக்கிறது. அந்தக் கேள்விக்குப் பிள்ளையின் பதிலையும் அம்மாவே எழுதிவிடுகிறார்.

சில கீமோ மருந்துகள் பிற்காலத்தில் குழந்தை பெறும் திறனைப் பாதிக்கலாம். வயதுக்கு வந்த பையன்களுக்குச் சிகிச்சை தொடங்கும் முன்பே விந்தணுவைச் சேமித்துவைக்க வழியிருக்கிறது. இந்த 50 கேள்விகளில் அந்தப் பேச்சே கிடையாது. அம்மா பக்கத்தில் இருக்கையில் எந்தப் பையன் தானாக வாய்திறப்பான்?

ஓ.பி. கூட்டத்தில் தனியாகக் கேட்க நேரமேது, பிள்ளை உடைந்துபோகாதா என்பார்கள். சின்னக் குழந்தைகளுக்கும், பதில் சொல்லத் தெம்பில்லாதவர்களுக்கும் பெற்றோர்தான் சொல்லியாக வேண்டும், சரி. 16 வயதுப் பையனுக்கு, டாக்டரைப் பார்க்கும் முன் பத்து நிமிடம் தனியிடமும் ஒரு பேனாவும் கொடுங்கள். அம்மாவும் தன் தாளை எழுதட்டும். அன்றைக்கே இரண்டும் டாக்டர் மேஜைக்குப் போகட்டும். எந்தக் கேள்வியில் இருவர் பதிலும் அதிகம் விலகுகிறதோ, அதிலிருந்து அவர் பேச்சைத் தொடங்கட்டும்.