பாட்டு எங்கே போச்சு?

பீட்டில்ஸ் குழுவின் டிரம்மர் ரிங்கோ ஸ்டாருக்கு டிரம்ஸ் சோலோ என்றாலே ஆகாது. அந்தக் குழுவின் தட்டுகள் அத்தனையையும் சலித்தாலும் அவர் தனியாக வாசித்த இடம் ஒன்றே ஒன்றுதான் கிடைக்கும். 1969இல் வந்த ‘அபே ரோடு’ முடியப்போகும் நேரத்தில் ‘தி எண்ட்’ என்றொரு பாட்டு. அதற்கும் மற்றவர்கள் அவரைத் தாஜா செய்ய வேண்டியிருந்தது. மொத்தமே 15 நொடி இருக்கும். ஆனால் டிரம்ஸ் சோலோ வந்தால் எழுந்து வெளியே போகிற ஆசாமிகள்கூட இதை மேஜையில் தட்டிக் காட்டுவார்கள்.

இதில் ஒரு சின்ன ரகசியம் உண்டு. பதிவின்போது ரிங்கோ தனியாக இல்லை. கூடவே கிட்டாரும் டாம்பரினும் போய்க்கொண்டிருந்தன. கடைசியில் ஒலிக்கலவை செய்தபோதுதான் அவற்றின் வாயை அடைத்தார்கள். 1996இல் வெளியான ‘ஆந்தாலஜி 3’ தொகுப்பில் அவற்றைத் திரும்பத் திறந்துவிட்டிருக்கிறார்கள், கேட்டுப் பார்க்கலாம். ஆக, அந்த 15 நொடியும் பாட்டுதான். மற்றவர்களைக் கழித்துவிட்ட பாட்டு.

டிரம்ஸ் சோலோவெல்லாம் கேட்கத்தான் வேண்டுமா என்று யாராவது கேட்டால் நான் இங்கிருந்துதான் ஆரம்பிப்பேன். அதற்கு முன்னால், எனக்கு அந்தச் சந்தேகம் எங்கே வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கல்லூரிக் கலைவிழா ஒன்றில் என் நண்பன் டிரம்ஸ் வாசித்தான். பாட்டு நடுவில் அவனுக்குச் சோலோ. கிட்டார்காரனும் பாடகனும் மேடையை விட்டு இறங்கி ஓரமாய் டீ குடித்தார்கள். இரண்டு நிமிடம், மூன்று நிமிடம், அடி விழுந்துகொண்டே இருந்தது. கிட்டார்காரன் டம்ளரை வைத்துவிட்டு மேலே ஏறினான். முடியப்போகிறது என்று நினைத்துக் கையைத் தூக்கினான். முடியவில்லை, இறக்கினான். மறுபடி தூக்கினான். மூன்றாவது தடவை என் நண்பனே வாசிப்பதை நிறுத்திவிட்டு, இரண்டு குச்சிகளையும் தலைக்கு மேல் பிடித்து டக், டக், டக், டக் என்று நாலு தட்டு தட்டினான். பாட்டு மறுபடி தொடங்கியது. கூட்டம் கைதட்டியது, பாதிக் கூட்டம், மீதிப் பாதி பஜ்ஜிக் கடையில் இருந்தது.

அந்த நாலு தட்டுதான் என் உரைகல். சோலோ முடிந்து பாட்டுக்குத் திரும்ப நாலு எண்ண வேண்டியிருக்கிறது என்றால், இடையில் பாட்டு எங்கேயோ தொலைந்துபோயிருக்கிறது என்று அர்த்தம்.

ராக் இசையின் பெரிய பெரிய சோலோக்கள் பலவும் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகின்றன. லெட் ஸெப்பலின் குழுவின் ‘மோபி டிக்’ 1969இல் தட்டில் வந்தபோது நாலு நிமிடம் சொச்சம். மேடையில் அதே பாட்டு 20 நிமிடம், சில இரவுகளில் அரை மணி. முதலில் கிட்டார் ஒரு துண்டை முழக்கும், பிறகு மற்ற மூவரும் இறங்கிப் போவார்கள், டிரம்மர் ஜான் பானம் தனியாக நிற்பார். பாடகருக்குத் தொண்டை ஆறும், கிட்டார்காரருக்குக் கை ஆறும். நீண்ட சோலோவுக்குப் பின்னால் இந்த மாதிரி லௌகீகக் காரணங்களும் உண்டு, அதில் தப்பில்லை. நியூயார்க் மேடிசன் ஸ்குயர் கார்டனில் 1973இல் நடந்த கச்சேரிகளை வைத்து ‘தி சாங் ரிமெய்ன்ஸ் தி சேம்’ என்று படம் எடுத்தார்கள். அதில் இந்தச் சோலோ வரும் இடத்தைக் கவனித்தால் வேடிக்கையாக இருக்கும். கேமரா நடுநடுவே மேடையை விட்டுவிட்டு பானம் பந்தயக் கார் ஓட்டுவதையும் அவருடைய சின்னப் பையன் டிரம்ஸ் அடிப்பதையும் காட்டப் போய்விடுகிறது. படம் எடுத்தவர்களுக்கே முழுசாக உட்கார்ந்து பார்க்கப் பொறுமை இல்லை போலும்.

ஆனால் பானத்தை அப்படியே தள்ளிவிடவும் மனம் வரவில்லை. நடுவில் ஓரிடத்தில் குச்சிகளைக் கீழே போட்டுவிட்டு வெறும் கையால் வாசிப்பார். குச்சியில் வெடிக்கிற அதே டிரம் கையில் பேச ஆரம்பிக்கும். விரல் நுனிக்கு ஒரு சத்தம், உள்ளங்கைக்கு ஒரு சத்தம், ஓரத்தில் தட்டினால் இன்னொன்று. தோல்கூட இல்லை, பிளாஸ்டிக்தான். அந்தச் சில நிமிடங்களுக்காக மீதியைப் பொறுத்துக்கொள்ளலாம். கிரீம் குழுவின் ஜிஞ்சர் பேக்கரையும் இப்படித்தான் கேட்கிறேன். 1966இல் ஐந்து நிமிடமாக இருந்த ‘டோட்’, 1968இல் மேடைப் பதிவாக வந்தபோது 16 நிமிடத்தைத் தாண்டியிருந்தது. அவர் தன்னை ஜாஸ்காரராகவே நினைத்துக்கொண்டவர், கால்கள் இரண்டும் விடாமல் ஒரு நடையைப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த நடைதான் அதைக் காப்பாற்றுகிறது. பிறகு வந்த காலத்தில் மோட்லி குரூ குழுவின் டாமி லீ தன்னையும் டிரம்ஸையும் ஒரு கூண்டில் கட்டிக்கொண்டு தலைகீழாகச் சுற்றினார். சர்க்கஸுக்கு டிக்கெட் எடுத்தவர்கள் ஏமாந்திருக்க மாட்டார்கள்.

பழியை ராக் மேல் மட்டும் போடுவதும் நியாயமில்லை. சோலோவை ஒரு காட்சியாக ஆக்கியது ஜாஸ்தான். பென்னி குட்மன் வாத்தியக் குழுவின் ஜீன் க்ருப்பா, பின்வரிசையில் உட்கார்ந்து தாளம் போடுகிறவர் என்ற நிலையிலிருந்து டிரம்மரை முன்னால் இழுத்துவந்தார். 1938 ஜனவரி 16 அன்று நியூயார்க் கார்னகி அரங்கில், ‘சிங், சிங், சிங்’ பாட்டில் அவர் டாம்டாம்களில் போட்ட அந்த அடி பிரசித்தம். க்ருப்பாவின் கலைந்த முடியையும் வியர்வையையும் பார்க்கவே கூட்டம் வந்தது என்பதும் உண்மைதான். ஆனால் பதிவைக் கேட்டால் தெரியும். அவர் வாசிப்பது தனி வித்தை அல்ல, ஒரே அடி திரும்பத் திரும்ப அடிமட்டத்தில் போய்க்கொண்டிருக்கிறது, மற்றவர்கள் அதன் மேல் வந்து வந்து போகிறார்கள். கடைசியில் யாரும் எதிர்பாராமல் ஜெஸ் ஸ்டேசிக்கு ஒரு பியானோ சோலோ கிடைக்கிறது. அரங்கமே அடங்கிப்போகிற அந்த இடத்தில் க்ருப்பா என்ன செய்கிறார் என்று காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். எனக்கு அவருடைய சோலோவைவிட அதுதான் பிடிக்கும்.

ஜாஸில் டிரம்மருக்கு ஒரு வசதி உண்டு, ராக்கில் அது அவ்வளவாக இல்லை. பழைய ஜாஸ் பாட்டுகளில் பல 32 பார், அதாவது 32 தாள அளவு, கொண்டவை. எட்டு எட்டாக நாலு துண்டு. முதல் இரண்டும் ஒரே மெட்டு, மூன்றாவது வேறு திசையில் போகும், நாலாவது வீடு திரும்பும். சாக்ஸபோன்காரர் கற்பனை செய்யும்போது இந்தச் சுற்றின் மேல்தான் செய்கிறார். சுற்று முடிந்ததும் அடுத்த சுற்று, யாரும் எண்ணிக்கொடுப்பதில்லை. நல்ல டிரம்மர் தன் முறை வந்ததும் அதே 32 பாரைத்தான் வாசிக்கிறார். மூன்றாவது எட்டில் ஓசை மாறும், ஸ்நேரிலிருந்து டாமுக்குப் போவார், அல்லது சிம்பலோடு ஒதுங்கிக்கொள்வார். மெட்டை நீங்கள் மனதுக்குள் முணுமுணுத்துக்கொண்டே போனால் அவர் முடிக்கும் இடமும் நீங்கள் முடிக்கும் இடமும் ஒன்றாக இருக்கும். முழுச் சுற்றும் கிடைக்காத நேரத்தில் நாலு பார் ஒருவர், நாலு பார் டிரம்மர் என்று மாற்றி மாற்றி வாசிப்பார்கள். பேச்சைப் போல இருக்கும்.

கர்நாடகக் கச்சேரி கேட்கிறவர்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் மாற்றி மாற்றி வாசித்துக் குறைத்துக்கொண்டே வருவார்கள். கோர்வை வைத்து முடித்ததும் பாடகர் எடுப்பில் சரியாகப் பிடித்துக்கொள்வார். நாலு தட்டு கிடையாது. தாளத்தைத் தொடையில் போட்டுக்கொண்டிருக்கிற ரசிகர் அந்தக் கணத்துக்காகவே காத்திருக்கிறார். அவர் பக்கத்து நாற்காலிக்காரர் கேன்டீனில் இருக்கிறார் என்பது வேறு விஷயம். தனிக்கு எழுந்து போகிறவரும் டிரம்ஸ் சோலோவுக்கு எழுந்து போகிறவரும் பாட்டு நின்றுவிட்டது என்றே நினைக்கிறார்கள். முன்னவர் நினைப்பது எப்போதுமே தப்பு. பின்னவர் சொல்வது பாதி சமயம் சரி.

பாட்டு நிற்கவில்லை என்பதைக் காதுக்கே காட்டிவிடுகிற சோலோ ‘டேக் ஃபைவ்’. 1959இல் டேவ் ப்ரூபெக் நால்வர் குழு பதிவு செய்தது. அதே குழுவின் பால் டெஸ்மண்ட் எழுதினார், அதுவும் டிரம்மர் ஜோ மோரெல்லோ தன் கைவரிசையைக் காட்ட ஒரு களம் வேண்டும் என்பதற்காக. ஐந்து எண்ணிக்கைத் தாளம். ப்ரூபெக்கின் பியானோ அந்த ஐந்தை விடாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதன் மேல் மோரெல்லோ அவசரமே இல்லாமல் ஒரு அடி வைக்கிறார், விடுகிறார், கொஞ்சம் சும்மா இருக்கிறார், பிறகு பாஸ் டிரம்மில் ஒன்று. சின்ன வயதில் வயலின் வாசித்தவர். மூச்சு விட இடம் கொடுக்கத் தெரிந்திருக்கிறது. டிரம்ஸ் சோலோவே பிடிக்காதவர்களுக்கு நான் முதலில் போட்டுக்காட்டுவது இதைத்தான். இரண்டு நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது, யாரும் எழுந்து போனதில்லை.

அடுத்த படி, அந்தப் பியானோவும் இல்லாமல் கேட்பது. ஜாஸ் டிரம்மர் மேக்ஸ் ரோச் 1966இல் ‘டிரம்ஸ் அன்லிமிடெட்’ என்று ஒரு தட்டு கொடுத்தார். ஆறு உருப்படிகள், அதில் மூன்று டிரம்ஸ் மட்டும். முதல் உருப்படி ‘தி டிரம் ஆல்ஸோ வால்ட்ஸஸ்’. மூன்று எண்ணிக்கை. முதல் எண்ணில் வலது கால் பாஸ் டிரம்மை அமுக்குகிறது, இரண்டிலும் மூன்றிலும் இடது கால் ஹைஹாட்டை மூடுகிறது. டும், ட்சிக், ட்சிக். டும், ட்சிக், ட்சிக். வேறொன்றும் இல்லை, கால்கள் மட்டும். அது நம் காதில் உட்கார்ந்த பிறகுதான் கைகள் வருகின்றன. ஒரு சின்ன வாக்கியம் சொல்கிறார், நிறுத்துகிறார். கால்கள் போய்க்கொண்டிருக்கின்றன. அதே வாக்கியத்தை வேறு டிரம்மில் வைத்துச் சொல்கிறார், நிறுத்துகிறார். மூன்று நிமிடம் சொச்சத்தில் வேகம் காட்டுகிற இடங்கள் குறைவு. மெட்டு என்று ஒன்று இல்லை, ஆனால் கேட்டு முடித்த பிறகு வாயில் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. பாட்டைச் சுமக்க இங்கே இன்னொரு ஆள் வேண்டாம், அவருடைய கால்களே அதைச் செய்கின்றன.

ரோச்சின் இந்த உருப்படி ஒரு சொத்து போலக் கைமாறிக்கொண்டே வந்திருக்கிறது. ரஷ் குழுவின் நீல் பியர்ட் தன் மேடை சோலோக்களில் இதைச் சேர்த்துக்கொண்டார். பானத்தின் ‘மோபி டிக்’கில்கூட ரோச்சின் சாயல் தெரிகிற இடங்கள் உண்டு, தேடிக் கேட்க வேண்டும். ரோலிங் ஸ்டோன்ஸின் சார்லி வாட்ஸ் மட்டும் வேறு வழியில் போனார். ஜாஸ் பித்தர், இந்த மகான்களையெல்லாம் கரைத்துக் குடித்தவர், ஆனால் 2021இல் இறக்கும்வரை சோலோ பக்கமே தலை வைத்துப் படுக்கவில்லை. ஒருவேளை கரைத்துக் குடித்ததால்தானோ என்னவோ.

போன மாதம் அந்தக் கலைவிழா நண்பன் வீட்டுக்குப் போயிருந்தேன். இப்போது இன்ஷூரன்ஸ் வேலை, குச்சியைத் தொட்டே வருஷம் பல ஆகிவிட்டது. சாப்பிட்டு முடித்ததும் ரோச்சைப் போட்டுக்காட்டினேன். ஒன்றும் பேசாமல் கேட்டான். முடிந்ததும் இரண்டு ஸ்பூனை எடுத்துக்கொண்டான். வலது குதிகால் தரையில், இடது காலின் முன்பாதம் இரண்டு தடவை. டும், ட்சிக், ட்சிக். சரியாக வந்தது. டேபிள் விளிம்பில் கையைச் சேர்த்ததும் கால் நின்றுபோனது. மறுபடி ஆரம்பித்தான். இந்தத் தடவை கால் போனது, கை மரத்துப்போய் நின்றது.

“கையை விடுடா, கை என்ன வேணா பண்ணிடும். இந்தக் கால்தான்டா...” என்றான்.

உள்ளேயிருந்து அவன் மனைவி எட்டிப் பார்த்தாள். “என்னங்க, கீழ் வீட்டு மாமா தூங்குவாருங்க.”

“ஒரு நிமிஷம்மா” என்று செருப்பைக் கழற்றி ஓரமாய்ப் போட்டான். ஸ்பூன்களைக் கீழே வைத்துவிட்டு வெறுங்காலோடு முதலிலிருந்து ஆரம்பித்தான்.