தவளைக்கும் சிசுவுக்கும் ஒரே கணக்கு

லண்டன் மருத்துவர் சிட்னி ரிங்கர், தவளையின் இதயத்தை வெறும் உப்புக் கரைசலில் துடிக்கவைத்துவிட்டதாக நம்பினார். கரைசலை வாலைவடிநீரில் கலக்காமல் குழாய்த் தண்ணீரில் கலந்திருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. வடிநீரில் மறுபடி செய்தபோது இதயம் ஓய்ந்தது. கால்சியம் சேர்த்ததும் துடித்தது. 1883-ல் வெளியான அந்த முடிவுக்குத் தவளையும் ஒரு காரணம். அதன் இதயச் செல்கள் மெலிந்தவை; உள்ளே பெரிய கால்சியக் கிடங்கு கிடையாது; ஒவ்வொரு துடிப்புக்கும் வெளியிலிருந்தே கால்சியம் வரவேண்டும். பிறந்த சிசுவின் இதயமும் பெருமளவுக்குத் தவளையின் கட்சிதான். மருத்துவ நூல்கள் அதற்கு 'முதிராதது' என்று பெயர் வைத்திருக்கின்றன. அந்தப் பெயர் பொருந்தவில்லை என்பேன். தவளை ஆயுள் முழுக்க இப்படித்தானே வாழ்கிறது!

வளர்ந்தவரின் இதயச் செல் பருமனானது. அதன் சவ்வு குறுக்குக் குழாய்களாக உள்ளே குழிந்து ஆழம்வரை போகிறது. துடிப்பின்போது வெளியிலிருந்து வரும் கொஞ்சம் கால்சியம் ஒரு சாவி மட்டுமே. அது ரையனோடின் ஏற்பி என்னும் மதகைத் திறக்க, உட்கிடங்கிலிருந்து பெரும்பங்கு கொட்டுகிறது. பிறகு ஒரு பம்பு அதைக் கிடங்குக்கே இறைத்துவிடுகிறது. பிறந்த எலிக்குட்டியிடமோ முயல்குட்டியிடமோ இந்தக் குழாய்கள் இல்லை. கிடங்கும் பம்பும் சிறிது. சவ்வின் வழியே கால்சியத்தைக் கடத்தும் சோடியம்-கால்சியம் பரிமாற்றிதான் ஏராளம். பிறந்த சில வாரங்களில் பரிமாற்றி குறையக் குறையப் பம்பு பெருகுகிறது. இடைப்பட்ட காலத்திலும் இதயம் தடுமாறுவதில்லை. செல் ஒடுக்கமானது, ஓரத்தில் நுழைந்த கால்சியம் நடுவுக்குப் போக நேரம் பிடிக்காது. ஒற்றையறை வீட்டுக்கு நடைபாதை எதற்கு?

இதை மறுப்பவர்கள் 1998-ல் வந்த ஓர் எலி ஆய்வைக் காட்டலாம். ரையனோடின் ஏற்பி இல்லாத எலிக்கருக்கள் பத்தாம் நாள் வாக்கில் இறந்தன. அப்படியானால் கிடங்கு முதலிலிருந்தே அவசியம் அல்லவா? அவசியம்தான். ஆனால் அந்த இதயங்கள் துடிக்கத் தொடங்கிய பிறகே நின்றன. வெளியேற வழியின்றிக் கிடங்கு கால்சியத்தால் வீங்கியிருந்தது. ஆக, தொடக்கக் கட்டத்தில் மதகின் வேலை துடிப்பைக் கிளப்புவதைவிட, நிரம்பி வழியாமல் காப்பது என்று படிக்கலாம். துடிப்புக்கும் முன்பே எலிக்கருவின் இதயச் செல்களில் தனித்தனியாகக் கால்சியம் மின்னுவதை ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2016-ல் காட்டினார்கள். அந்த மின்னலுக்குப் பரிமாற்றி தேவைப்பட்டது.

எலி மனிதனாகுமா என்ற கேள்வி இதைவிட வலுவானது. செம்மறியாட்டில் குறுக்குக் குழாய்கள் பிறப்பதற்கு முன்பே உருவாகிவிடுகின்றன. எனவே எலியின் நாள்கணக்கை மனிதக் குழந்தைமேல் ஏற்றக்கூடாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மருத்துவமனையின் அனுபவம் ஒன்று இருக்கிறது. கால்சிய வழியை அடைக்கும் வெராபமில் மருந்தை ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குச் சிரைவழி செலுத்தத் தயங்குகிறார்கள். திடீர் இதயச் சரிவுகளைப் பார்த்த பிறகு வந்த எச்சரிக்கை அது. வேகத் துடிப்பை அடக்க அடினோசின்தான் முதல் தெரிவு. வெராபமில் ரத்தக் குழாய்களையும் தளர்த்தும் என்பதால் இதை மட்டும் சாட்சியாக நிறுத்த முடியாது. ஆயினும் ஏற்றும் ரத்தத்திலுள்ள சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும்போது சிசுவின் இதயம் எளிதில் தளர்வதும் அதே பக்கம்தான் கைகாட்டுகிறது.

எதிர்முனையில் இன்னொரு சாட்சி. வளர்ந்தவரின் இதயம் செயலிழக்கும்போது குறுக்குக் குழாய்கள் சிதைகின்றன, பம்பு குறைகிறது, பரிமாற்றி பல நேரங்களில் கூடுகிறது: ஏறக்குறைய சிசுவின் ஏற்பாடு. சிசுவை வாழவைத்த அதே ஏற்பாடு இங்கே தோற்பது ஏன்? செல் இப்போது சின்னதல்ல. ஓரத்தில் வந்த கால்சியம் நடுவுக்கு நேரத்தோடு போய்ச் சேர்வதில்லை.